‘சரிங்க’ என்றால் சம்மதமா? கடும் நோயாளியிடம் ஆராய்ச்சிக்கு ஒப்புதல் கேட்கப் போகும் புதியவர்களுக்கு

நான் ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்த முதல் வருடம். இதயம் பலவீனமாகி மூச்சுத் திணறலோடு சேர்ந்திருந்த ஒரு பெரியவரிடம் ஒப்புதல் படிவத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் "சரிங்க" என்றார். கடைசியில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை லேசாக விலக்கிக்கொண்டு கையெழுத்தும் போட்டார். மறுநாள் காலை அவர் கட்டிலைக் கடந்து போகும்போது கூப்பிட்டார். "ஏம்மா, நேத்து எழுதிக் கொடுத்தீங்களே, அந்தப் புது ஊசியை எப்போ போடுவாங்க? ராத்திரி பூரா மூச்சு வாங்குது. கொஞ்சம் சீக்கிரம் போடச் சொல்லுங்க."

அது, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துப் பாதிப் பேருக்கு மருந்து ஊசியும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசியும் போடும் ஆராய்ச்சி. யாருக்கு எது என்று எனக்கே தெரியாது. இதை அவரிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன். ஆனால் அவர் மனதில் தங்கியது, பெரிய டாக்டர் தனக்காக ஒரு புது மருந்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறார் என்பது மட்டும். நம் ஊரில் "சரிங்க" என்ற சொல்லுக்கு "நீங்கள் பேசுவது காதில் விழுகிறது" என்ற பொருளும் உண்டு. நான் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன். தலைமை ஆய்வாளரிடம் சொன்னேன். இருவருமாகப் போய் முதலிலிருந்து பேசினோம். இந்த முறை அவர் நன்றாகப் புரிந்துகொண்டு, "அப்படின்னா எனக்கு வேண்டாம்மா" என்றார்.

மருத்துவமனை ஆராய்ச்சிப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் ஒருங்கிணைப்பாளர்கள், செவிலியர்கள், முதுநிலை மாணவர்கள் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன். கடும் நோயில் கிடக்கும் ஒருவர், ஆராய்ச்சியில் சேர்வதா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறாரா? அதைக் கட்டிலருகே எப்படிப் பார்ப்பது?

எதைப் பார்க்கிறோம்

ஒப்புதல் இல்லாமல் மனிதர்மேல் ஆராய்ச்சி கூடாது என்பது 1947ல் நியூரம்பர்க் நெறிகளிலும் 1964ல் ஹெல்சிங்கிப் பிரகடனத்திலும் எழுதப்பட்டுவிட்டது. ஒருவருக்கு ஒப்புதல் தரும் திறன் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுகொள்வது என்பதற்கு இன்றுவரை பெரும்பாலோர் பின்பற்றும் சட்டகத்தை 1988ல் பால் ஏப்பல்பாம், தாமஸ் கிரிசோ என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் தெளிவாக்கினார்கள். அதில் நான்கு விஷயங்கள். சொன்னது புரிகிறதா. புரிந்தது தனக்கும் பொருந்தும் என்று உணர்கிறாரா. இரண்டு வழிகளையும் எடைபோட்டுப் பார்க்க முடிகிறதா. முடிவை ஏதாவது ஒரு வகையில் தெரிவித்து, அதில் நிற்கிறாரா.

இரண்டாவதில்தான் கடும் நோயாளிகள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். "இந்த மருந்து வேலை செய்யுமான்னு இன்னும் தெரியலை, அப்படித்தானே சொன்னீங்க" என்று அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார். "உங்களுக்கு?" என்று கேட்டால், "எனக்கு நல்லதுன்னுதானே டாக்டர் கொடுக்கறார்" என்பார். தகவல் மண்டைக்குள் போயிருக்கிறது, தன் உடம்போடு ஒட்டவில்லை. ஆராய்ச்சியைச் சிகிச்சை என்றே எடுத்துக்கொள்ளும் இந்த மயக்கத்தை ஏப்பல்பாமும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982லேயே பெயரிட்டு எழுதினார்கள். உயிருக்குப் பயந்து கிடப்பவருக்கு இந்த மயக்கம் வருவது இயல்பு. அதைக் கலைப்பது நம் வேலை.

நோயின் பெயரை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். மனச்சிதைவுக்குப் பல வருடமாக மாத்திரை சாப்பிடுபவர் தெளிவாக முடிவெடுக்கலாம். எந்த மனநோயும் இல்லாத பள்ளி ஆசிரியருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்துவிட்டால், இன்றைக்கு என்ன கிழமை என்பதே தடுமாறலாம். காலையில் முடியாதவருக்கு மாலையில் முடியலாம். ஒரு குழாய் ரத்தம் கொடுப்பது பற்றி முடிவெடுக்கக் கூடியவருக்கு, சிக்கலான மருந்து ஆராய்ச்சி பற்றி முடிவெடுக்க முடியாமல் போகலாம். இந்த முடிவு, இந்த நேரம்: எப்போதும் அதை மட்டும் பாருங்கள். திறன் இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் தொடங்க வேண்டும். இல்லை என்று சொல்வதற்குத்தான் காரணம் காட்ட வேண்டும்.

படி 1: கட்டிலுக்குப் போகும் முன்

ஆராய்ச்சித் திட்டத்தை முழுக்கப் படித்துவிட்டு, பத்தாவது படித்த ஒருவருக்குச் சொல்வது போல ஐந்தே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். என்ன செய்யப் போகிறோம், ஏன், அவருக்கு என்ன கெடுதல் வரலாம், சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும், எப்போது வேண்டுமானாலும் விலகலாமா. ஐந்து வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடியவில்லை என்றால், இன்னும் உங்களுக்கே புரியவில்லை. அந்த நிலையில் நோயாளியின் புரிதலைச் சோதிக்கப் போகாதீர்கள்.

தானே ஒப்புதல் தர முடியாதவர்களைச் சேர்க்க நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அனுமதி இல்லாவிட்டால், திறன் இல்லை என்று தெரிந்த இடத்தில் பேச்சு முடிந்தது. வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிச் சேர்க்க வழியில்லை.

படி 2: கேஸ் ஷீட்டும் சிஸ்டரும்

நோயாளியைப் பார்க்கும் முன் கேஸ் ஷீட்டைப் பாருங்கள். மிடசோலம், ஃபென்டானில், மார்ஃபின் போன்ற மயக்க, வலி மருந்துகள் கடைசியாக எப்போது போயின? சோடியம், சர்க்கரை, யூரியா எவ்வளவு? கல்லீரல் நோயாளி என்றால் கை படபடவென்று நடுங்குகிறதா, தூக்கம் பகலுக்கு மாறிவிட்டதா? நுரையீரல் நோயாளி என்றால் கார்பன் டை ஆக்ஸைடு ஏறியிருக்கிறதா? காய்ச்சல் உண்டா? பூச்சிமருந்து குடித்துச் சேர்ந்தவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். விஷமுறிவுக்குத் தரும் அட்ரோபின் மருந்து அதிகமாகிவிட்டால் நோயாளி காற்றில் எதையோ பிடுங்குவார், போர்வையை நோண்டுவார், கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். அந்த நேரத்தில் வாங்கும் கையெழுத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. மருந்து இறங்கிய பிறகும் குற்றவுணர்ச்சியில், வீட்டார் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் மனநிலையில் அவர் இருக்கலாம். பொறுமையாகப் போங்கள்.

இதில் பாதி சரிசெய்யக் கூடியது. வலி இருந்தால் முதலில் வலிக்கு மருந்து, அது வேலை செய்தபின் பேச்சு. மயக்க மருந்து என்றால் சில மணி நேரம் தள்ளிப் போடலாமா என்று கேளுங்கள். அப்புறம், எல்லோரும் மறப்பது: கண்ணாடி, காது மெஷின், பல் செட். ஐசியுவில் இவை மூன்றும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு வீட்டாரிடம் கொடுக்கப்பட்டிருக்கும். வாசலில் உட்கார்ந்திருக்கும் மகனிடம் போய்க் கேட்டு வாங்கி வாருங்கள். முந்தைய நாள் "குழப்பத்தில் இருக்கிறார்" என்று எழுதப்பட்டிருந்த ஒரு பாட்டிக்கு, காது மெஷினை மாட்டியதும் குழப்பம் போய்விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நைட் டியூட்டி சிஸ்டரின் வார்த்தைக்கு மதிப்புக் கொடுங்கள். "பகல்ல நல்லா பேசறார், ராத்திரி ஊருக்குப் போகணும்னு டியூபைப் பிடுங்கறார்" என்று அவர் சொன்னால், உங்கள் பகல் நேரப் பத்து நிமிடம் முழுக் கதையைச் சொல்லாது என்று அர்த்தம். தாய்மொழியும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராஷ்டிரமோ பேசுபவர், உடம்பு முடியாதபோது அந்த மொழியில்தான் யோசிப்பார். வட மாநிலத் தொழிலாளிக்கு அரைகுறை இந்தியில் சொல்லிவிட்டு அவருக்குப் புரியவில்லை என்று எழுதுவது அநியாயம்.

படி 3: விழிப்பும் கவனமும்

கவனம் நிற்காதவரிடம் மற்ற எதையும் சோதிக்க முடியாது. ஐசியுவில், நோயாளி எவ்வளவு மயக்கத்திலோ பதற்றத்திலோ இருக்கிறார் என்று அளக்கும் ஆர்ஏஎஸ்எஸ் அளவுகோலில் தொடங்குங்கள். மைனஸ் 5லிருந்து ப்ளஸ் 4 வரை போகும். பூஜ்யம் என்றால் விழிப்போடு அமைதியாக இருக்கிறார். அதன்பின் சிஏஎம் ஐசியு என்ற குழப்பநிலைச் சோதனை. வென்டிலேட்டரில் இருப்பவருக்கும் செய்யலாம், ஓரிரு நிமிடம்தான் ஆகும். அதில் கவனத்தைப் பார்க்க ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘ஏ’ வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வார்கள். வார்டில் பேசக் கூடியவர் என்றால் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். ஞாயிறு, சனி, வெள்ளி என்று வந்து புதனில் நின்று ஜன்னலைப் பார்க்கிறார் என்றால், இன்றைக்கு விடுங்கள்.

குழப்பநிலை என்றதும் கத்துபவரையும் எழுந்து ஓடுபவரையும் நினைத்துக்கொள்கிறோம். அடங்கிக் கிடக்கும் குழப்பநிலையும் உண்டு, அதைத்தான் அதிகம் தவறவிடுகிறோம். "ரொம்ப அமைதியா இருக்கார், தொந்தரவே இல்லை" என்று வார்டில் நல்ல பெயர் வாங்கியவர்தான் எல்லாவற்றுக்கும் "ம்" சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். ஒப்புதல் படிவங்களில் மிகச் சுலபமாகக் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான். குழப்பநிலை ஏறி இறங்கும் தன்மை கொண்டது, சாயங்காலம் கூடும். முடிந்தவரை காலையில் பேசுங்கள்.

படி 4: உட்காருங்கள்

நின்றுகொண்டு பேசாதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். ரவுண்ட்ஸ் நேரத்தில் பத்துப் பேர் சூழ நிற்கும்போது கேட்காதீர்கள். சிகிச்சை தரும் டாக்டரே ஆராய்ச்சிக்கும் ஒப்புதல் கேட்டால், "இவருக்கு எப்படி மாட்டேன்னு சொல்றது" என்ற சங்கடம் நோயாளிக்கு வரும். கூடுமானவரை வேறொருவர் கேட்பது நல்லது. வீட்டார் கூட இருக்கட்டும், அது பலருக்குத் தெம்பு. ஆனால் கேள்விக்குப் பதிலை அவர்கள் சொல்ல விடாதீர்கள். "அப்பாவே சொல்லட்டும்ங்க, நீங்க சொல்றதையும் அப்புறம் கேட்டுக்கறேன்" என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 5: சொல்லும் சொற்கள்

நோயாளிக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டும் முன் உங்கள் தமிழைச் சோதியுங்கள். "உங்களுக்கு ஒரு பரிசோதனை செய்கிறோம்" என்றால் அவர் ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை என்றுதான் நினைப்பார். அந்தச் சொல்லை நான் அறவே விட்டுவிட்டேன். "ஆராய்ச்சி" என்று சொல்லி, உடனே விளக்கிவிடுவேன்: "இந்த மருந்து இந்த நோய்க்குக் கேட்குமா கேட்காதான்னு எங்களுக்கே இன்னும் தெரியலை. தெரிஞ்சுக்கத்தான் இதைச் செய்யறோம்." "புது மருந்து" என்பதும் ஆபத்தான சொல். புதுசு என்றாலே நம் காதில் நல்லது என்று விழும்.

குலுக்கல் முறையில் பிரிப்பதைச் சொல்லும்போது உவமை முக்கியம். கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பது போல என்று சிலர் சொல்வதுண்டு. தயவுசெய்து வேண்டாம். அதைக் கேட்பவர் தனக்கு எது நல்லதோ அதைச் சாமி எடுத்துக்கொடுக்கும் என்றே நம்புவார். குலுக்கல் சீட்டு என்றால் பரிசு நினைவுக்கு வருகிறது. கிரிக்கெட்டில் டாஸ் போடுவது போல என்பது ஓரளவு சரியாக வேலை செய்கிறது. "தலை விழுந்தால் இது, பூ விழுந்தால் அது. டாக்டர் தேர்ந்தெடுப்பதில்லை, உங்கள் நோயைப் பார்த்து முடிவு செய்வதும் இல்லை" என்று முடிக்க வேண்டும்.

‘தெரியாது’ என்பது வெறும் வார்த்தையாக அவருக்குப் படக் கூடாது. நான் 2020ஆம் வருடத்தைச் சொல்வேன். கொரோனா வந்து தேறியவர்களின் பிளாஸ்மாவுக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராகப் போன் போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் செய்த ஆராய்ச்சியில், அந்தப் பிளாஸ்மா நோய் முற்றுவதையோ மரணத்தையோ குறைக்கவில்லை என்று தெரிந்தது. அதே வருடம் பிரிட்டனில் நடந்த இன்னோர் ஆராய்ச்சியில், பழைய, விலை குறைந்த டெக்ஸாமெத்தசோன் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. இரண்டுக்கும் முன்னால் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கடும் நோயாளிகள் ஒத்துக்கொண்டு சேர்ந்ததால்தான் தெரிந்தது. அதனால்தான் ‘முடியாத நோயாளிகளைத் தொந்தரவு செய்யவே வேண்டாம்’ என்ற கட்சியில் நான் இல்லை.

ஒரு விஷயம் சொல்லி நிறுத்துங்கள். அவர் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும். பிறகு அடுத்தது. மொத்தமாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கேள்வி கேட்பது நல்ல உடம்போடு இருப்பவருக்கே கஷ்டம்.

படி 6: கேட்கும் கேள்விகள்

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு நம் ஊரில் "புரிஞ்சுது" என்ற ஒரே பதில்தான் உண்டு. பாரத்தை உங்கள் மேல் போட்டுக்கொண்டு தொடங்குங்கள்: "நான் சரியாச் சொன்னேனான்னு பார்த்துக்கணும். சாயங்காலம் உங்க மக வந்து ‘அந்த மேடம் என்ன கேட்டாங்க’ன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" இது ஒன்றே பாதி விஷயத்தைக் காட்டிவிடும்.

அடுத்து, "இதுல சேர்ந்தா உங்களுக்கு எந்த ஊசி வரும்னு யார் முடிவு பண்றாங்க?" டாக்டர் என்றால் டாஸ் இன்னும் விளங்கவில்லை. "உங்க உடம்புக்கு இதுனால என்ன கெடுதல் வரலாம்?" என்று கேட்டு, "ஒண்ணும் வராது" என்றால் விடாதீர்கள். அவர் மறந்துவிட்டாரா, நம்ப மறுக்கிறாரா என்று பாருங்கள். மறந்திருந்தால் மறுபடி சொல்லலாம். "மத்தவங்களுக்கு வரும், எனக்கு வராது" என்பவரிடம், ஏன் அப்படி நினைக்கிறார் என்று பேச வேண்டும்.

நான் ஒருபோதும் தவறவிடாத கேள்வி: "வேண்டாம்னு சொன்னா நாளைக்கு உங்களுக்கு என்ன ஆகும்?" இதற்கு வரும் பதில்கள் மனதைக் கனக்க வைக்கும். "டாக்டர் கோவிச்சுக்குவார்." "வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க." "காப்பீட்டு அட்டையில கட் பண்ணிடுவாங்க." இப்படிச் சொல்பவருக்குத் திறன் குறைவில்லை. அவருக்கு இருப்பது பயம். பயத்தில் தரும் சம்மதமும் செல்லாது. அந்தப் பயத்தை நீக்க முடிந்தால் நீக்குங்கள், முடியாவிட்டால் அவரைச் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, "சேரலாம்னு (அல்லது வேண்டாம்னு) ஏன் நினைக்கிறீங்க?" பதில் உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. "எனக்கு ஆகாட்டியும் பின்னாடி வர்றவங்களுக்கு ஆகட்டும்" என்பது அருமையான காரணம். "சாமி விட்ட வழி" என்பதும் திறனின்மை ஆகாது. "சாமி விட்ட வழிதான், ஆனா இதுல என்ன ஆபத்துன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். ஆபத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, "அதுக்குமேல சாமி இருக்கார்" என்றால் அது அவருடைய முடிவு. "எங்க அண்ணன் என்ன சொல்றாரோ அதான்" என்றால், அண்ணனைக் கேட்டுச் செய்வது அவர் வாழ்ந்த முறையாக இருக்கலாம். கேட்டு வரட்டும். ஆனால் விஷயம் அவருக்கும் புரிந்திருக்க வேண்டும், கடைசிச் சொல்லும் அவர் வாயிலிருந்து வர வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். "வேண்டாம்" என்று சொன்னவரைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சந்தேகிக்கிறோம். "சரி" என்றவரை யாரும் சோதிப்பதில்லை. ஒத்துக்கொண்டவரிடம்தான் இந்தக் கேள்விகள் அதிகம் தேவை. கொஞ்ச நேரம் கழித்து, முடிந்தால் மறுநாள், திரும்பிப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முடிவும் காரணமும் அப்படியே நிற்கிறதா?

படி 7: பேச முடியாதவர்

தொண்டையில் டியூப் இருக்கிறது, பக்கவாதத்தில் பேச்சுப் போய்விட்டது என்பதற்காக யாரையும் திறனற்றவர் என்று தள்ளாதீர்கள். தெரிவிக்க வாயால்தான் முடியும் என்றில்லை. எழுத்து அட்டை, சிலேட்டு, கண் சிமிட்டல், கை அழுத்தல் எதுவும் ஆகும். முதலில் அந்தச் சாடை நம்பகமானதா என்று பாருங்கள். "இப்போ நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்களா?" "உங்க பேர் இதுவா?" என்று வேண்டுமென்றே தப்பான பெயரும் சொல்லிப் பாருங்கள். அப்புறம் ஒரே விஷயத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் கேளுங்கள். "இதுல சேர விருப்பமா?" என்பதற்கும் "சேராமல் இருக்க விருப்பமா?" என்பதற்கும் ஆமாம் என்றே வந்தால் நிறுத்திவிடுங்கள். நம் ஊர்த் தலையாட்டலை நம்பாதீர்கள். ஆமாம், இல்லை, பார்க்கலாம் மூன்றுக்கும் கழுத்து ஒரே மாதிரி ஆடும்.

பக்கவாதத்தில் சிலருக்குச் சொல் வெளியே வராது, ஆனால் கேட்பது முழுக்கப் புரியும். வேறு சிலர் சரளமாகப் பேசுவார்கள், புரிதல் இருக்காது. பேச்சுப் பயிற்சியாளர் இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

படி 8: முடிவுக்கு வருவது

அளவுகோல்கள் உண்டு. மேக்கேட் சிஆர் என்பது மேலே சொன்ன நான்கையும் விரிவாகப் பார்க்கும் நேர்காணல். யூபேக் என்பது சுருக்கமானது, 2007ல் வந்தது, 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். இவை உங்கள் கேள்விகளுக்கு ஒழுங்கு கொடுக்கும். ஆனால் மதிப்பெண் முடிவெடுக்காது, நீங்கள்தான் எடுக்க வேண்டும். எம்எம்எஸ்இ போன்ற நினைவாற்றல் சோதனையைத் திறன் சோதனையாக எடுத்துக்கொள்வது பரவலான தவறு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கத் தெரியாத பலர் தங்கள் உடம்பைப் பற்றி நன்றாகவே முடிவெடுப்பார்கள்.

ஆபத்து கூடக் கூட நீங்கள் எதிர்பார்க்கும் தெளிவும் கூட வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால், ஆராய்ச்சியில் சம்பந்தமில்லாத ஒரு மருத்துவரை, தேவைப்பட்டால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற நெருக்கடி உங்கள் மேல் இருக்கும். அந்த நெருக்கடியோடு கட்டிலருகே போனால் அரைகுறைப் பதிலும் முழுப் பதிலாகக் கேட்கும்.

படி 9: திறன் இல்லை என்றால்

முதல் கேள்வி: காத்திருக்க முடியுமா? இரண்டு நாளில் தெளிந்துவிடுவார் என்றால், திட்டம் அனுமதித்தால், காத்திருங்கள். முடியாது என்றால், அனுமதி இருக்கும் ஆராய்ச்சிகளில் சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதியிடம், வார்டு பாஷையில் எல்ஏஆரிடம், போகலாம். அவரிடம் "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்காதீர்கள். "அவர் இப்போ பேச முடிஞ்சா என்ன சொல்லியிருப்பார்?" என்று கேளுங்கள். ஐசியு வாசலில் பாயைப் போட்டு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அந்தக் கேள்வி நிதானத்தைக் கொடுக்கும். இந்தப் பாரம் முழுக்கத் தன் தலையில் இல்லை என்று அவருக்குத் தோன்றும். பிரதிநிதி ஒத்துக்கொண்ட பிறகும், நோயாளி ஊசியைக் கண்டு கையை இழுத்துக்கொண்டால், முகத்தைத் திருப்பினால், அதை மறுப்பாகவே எடுங்கள்.

புதியவர்கள் கட்டாயம் குழம்பும் ஒரு இடம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வேறு, திறன் இல்லாதவர் வேறு. கைநாட்டு வைக்கும் அம்மாவுக்கு எல்ஏஆர் தேவையில்லை. அவர் தானே முடிவெடுப்பார். 2019ஆம் வருடப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி அவருக்குத் தேவை பாரபட்சமற்ற சாட்சி. ஆராய்ச்சிக் குழுவில் இல்லாத ஒருவர், தொடக்கத்திலிருந்து முடிவுவரை கூடவே இருந்து, கேட்டு, கையெழுத்திட வேண்டும். எல்லாம் முடிந்தபின் நடைபாதையில் போகிறவரைப் பிடித்து இழுத்துக் கையெழுத்து வாங்குவது சாட்சியம் ஆகாது.

அதே விதிகள், இதுவரை மனிதருக்கு அனுமதிக்கப்படாத புது மூலக்கூறு மருந்துகளின் ஆராய்ச்சியில், எளிதில் பாதிக்கப்படக் கூடியவர்களிடம் ஒப்புதல் பெறுவதை வீடியோவில் பதிவு செய்யச் சொல்கின்றன. எச்ஐவி, தொழுநோய் மருந்துகளுக்கு ஒலிப்பதிவு மட்டும். மனநோய் உள்ளவர் ஒப்புதல் தர முடியாத நிலையில் இருந்தால், அவர் எதிர்ப்புக் காட்டாவிட்டாலும், மருந்து போன்ற தலையீடு உள்ள ஆராய்ச்சிக்கு மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்கிறது 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவு. இந்த இடங்களில் உங்கள் நெறிமுறைக் குழு செயலரைக் கேட்காமல் ஓர் அடியும் வைக்காதீர்கள்.

படி 10: எழுதி வையுங்கள்

"நோயாளி நல்ல நிலையில் உள்ளார், விளக்கப்பட்டது, ஒப்புதல் பெறப்பட்டது" என்பது எதையும் சொல்லாத வரி. இப்படி எழுதுங்கள்: "காலை 10.20. விழிப்போடு இருக்கிறார், கிழமைகளைப் பின்னோக்கிச் சரியாகச் சொன்னார். கடைசி மார்ஃபின் காலை 4 மணி. கண்ணாடி அணிந்திருந்தார். ‘டாஸ் மாதிரி, எனக்கு மருந்து வராமலும் போகலாம்’ என்றார். ரத்தக் கசிவு வரலாம் என்று தானாகச் சொன்னார். வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்றதற்கு ‘இதே வைத்தியம் நடக்கும்’ என்றார். மகன் உடனிருந்தார், பதில் சொல்லவில்லை." நோயாளியின் சொந்த வார்த்தைகள் இரண்டு வரியாவது இருக்கட்டும். தகவல் தாளிலும் படிவத்திலும் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

படி 11: திரும்பிப் போங்கள்

பிரதிநிதியின் ஒப்புதலோடு சேர்க்கப்பட்டவர் தெளிந்ததும் அவரிடமே மறுபடி ஒப்புதல் பெற வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் வருட நெறிமுறைகள் சொல்கின்றன. நடைமுறையில் இது எளிதில் விட்டுப்போகும். ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாறும்போது நோயாளி நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். ஆகவே, சேர்த்த அன்றே ஒரு பட்டியல் தொடங்கி, தினமும் காலையில் விழிப்பு நிலையை அதில் குறித்து வாருங்கள். படுக்கை எண் மாறினால் அதையும் எழுதுங்கள்.

கண் விழித்தவரிடம் முதல் வாக்கியத்திலேயே ஒப்புதல் கேட்காதீர்கள். என்ன நடந்தது என்றே அவருக்குத் தெரியாது. "நீங்க நினைவில்லாம இருந்தப்போ உங்க வீட்டம்மா சம்மதத்தோட இந்த ஆராய்ச்சியில சேர்த்தோம். இதுவரை இதெல்லாம் செஞ்சிருக்கோம். இனிமே தொடரலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லி, அவர் யோசிக்க ஒரு பொழுது விடுங்கள். மனைவிமேல் அவருக்குக் கோபம் வரலாம். அந்த நேரத்தில் அவர் என்ன நிலையில் இருந்தார், மனைவி என்ன யோசித்துச் சம்மதித்தார் என்பதையும் பக்குவமாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அன்றே ஆய்வாளரிடம் சொல்லி, மருந்தைத் திடீரென்று நிறுத்தலாமா, படிப்படியாகக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே எடுத்த ரத்த மாதிரியும் விவரங்களும் என்ன ஆகும் என்பது தகவல் தாளில் இருக்கும். அந்தப் பத்தியை அவருக்கு மறுபடி படித்துக் காட்டி, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.